பதிவேட்டில் ஏறாத குத்துகள்

சர்க்கரை வார்டில் ஊசிக்கு ஓய்வு கிடையாது. காலையில் வெறும் வயிற்றோடு விரலில் ஒரு குத்து, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி விரல், படுக்கப் போகுமுன் இன்னொன்று. எல்லாவற்றையும் நோயாளியின் தாளில் நேரத்தோடு குறிக்கிறோம். மூடியைத் திரும்ப மாட்டும்போது ஸ்டாஃப் நர்ஸின் விரலில் ஏறியதை எங்கே குறித்தோம்? குப்பைப் பையை இறுக்கிக் கட்டிய துப்புரவுப் பணியாளரின் கையில் இறங்கியதை? பெரும்பாலும் எங்குமே இல்லை.

நீரிழிவுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள், அதில் ஆய்வு செய்கிறவர்கள், ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து செய்த புறக்கணிப்பு இது. கணக்கெடுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநிலம் மாநிலமாக, வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் சொன்னது. அந்த உழைப்பில் எங்களுக்குப் பெருமை உண்டு. அதில் ஒரு சிறு பங்கையாவது ஊசி பிடிக்கும் கைகளுக்காகச் செலவிட்டிருக்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தடுப்பூசி போடாத ஒருவரை ஹெபடைட்டிஸ் பி நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால், நூற்றுக்கு முப்பது வரைகூடத் தொற்றும் வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு மூன்றுதான். ஆனாலும் எச்.ஐ.வி. நோயாளி என்றால் இரட்டைக் கையுறை போட்டோம். மற்ற படுக்கைகளில் வெறுங்கையால் லேன்செட்டை எடுத்தோம். காய்ந்த ரத்தத்தில் பி வைரஸ் ஏழு நாள் உயிரோடு கிடக்கும் என்பது தெரிந்தும் குளுக்கோமீட்டரைத் துடைக்காமல் அடுத்த கட்டிலுக்குக் கொடுத்தோம்.

குத்துப்பட்டவர்கள் ஏன் வந்து சொல்லவில்லை? சொன்னவரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "பார்த்துச் செய்யக் கூடாதாம்மா?" என்பதுதான். அதன் பிறகு யார் வாய் திறப்பார்கள்? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. நைட் டியூட்டியில் இரண்டு மணிக்குக் குத்துப்பட்ட பெண் யாரைக் கூப்பிட வேண்டும், மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதி ஒட்டக்கூட இல்லை.

இன்னொன்றையும் நாங்கள் பார்க்கத் தவறினோம். வருடக்கணக்கில் இரவு வேலை செய்கிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று செவிலியர்களை வைத்தே நடத்திய அமெரிக்க ஆய்வு 2011இல் காட்டியது. நீரிழிவோ உடல் பருமனோ உள்ளவர்களிடம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி சற்றுக் குறைவாகவே வேலை செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவர் உடலில் அது நிற்காமலே போயிருக்கலாம். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோயாளிகளுக்கு எச்பிஏ1சி எழுதும் நாங்கள், எங்கள் செவிலியர்களுக்கு இதை எழுதவில்லை. இதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி முதுகலை மாணவர்களைத் தூண்டியதும் அபூர்வம்.

துப்புரவுப் பணியாளர்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு. மருத்துவக் கழிவைக் கையாளுகிற அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் என்பதைக் காரணம் காட்டி அதைக் காண்ட்ராக்டர் தலையில் போட்டோம். தடுப்பூசிக்கு மூன்று டோஸ், கடைசி டோஸ் ஆறாவது மாதம். அதற்குள் காண்ட்ராக்ட் கை மாறிவிடும், ஆள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். முதல் டோஸ் எப்போது போட்டது என்று அவரிடம் ஒரு சீட்டுகூட நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.