ஆள் கூடினால் வேலை குறையுமா?

கிளியனூருக்குக் கிழக்கே, கடலோரத்தில் மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. 10 பாத்தி உப்பை வார ஒருவருக்கு 10 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர் இறங்கினால் ஒரே நாளில் முடியும். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டரிடம் இந்தக் கணக்கு பலிக்காது!

1997 மே மாதம், நியூயார்க் நகரில், உலக சாம்பியன் காஸ்பரோவை ஐ.பி.எம். கம்பெனியின் 'டீப் புளூ' எந்திரம் தோற்கடித்தது. அதற்குள் சதுரங்கத்துக்கென்றே செய்த 480 சில்லுகள் இருந்தன. 480 மூளைகள் என்றே சொல்லலாம். நொடிக்கு 20 கோடி நிலைகளை அவை ஆராய்ந்தன.

இத்தனை மூளைக்கும் வேலையைப் பங்கிடுவதுதான் பெரும்பாடு.

ஏன்?

உப்புப் பாத்திகள் தனித்தனி. சதுரங்கம் அப்படி அல்ல. குதிரையை நகர்த்தினால் லாபம் என்று ஒரு மூளை கண்டுபிடிக்கிறது. இன்னொரு மூளை யானையை நகர்த்திப் பார்க்கிறது. எதிரியின் ஒரே பதிலில் ராணி போய்விடுகிறது. அதற்கு மேல் யானையை ஏன் ஆராய வேண்டும்? குதிரைச் சேதி தெரிந்தால் அங்கேயே விட்டுவிடலாம். எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டால் அந்தச் சேதி கிடைக்காது. வெட்டி வேலைதான் மிஞ்சும். சேதி வரும்வரை காத்திருக்கச் சொன்னாலோ, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்!

டீப் புளூவுக்கு முன்னோடி 'டீப் தாட்'. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த எந்திரம் அது. அவர்களில் ஒருவர் தாமஸ் அனந்தராமன். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1988-ல் டென்மார்க் கிராண்ட்மாஸ்டர் லார்சனை அது ஜெயித்தது.

இன்று பெயர் பெற்றது 'ஸ்டாக்ஃபிஷ்'. 2016-ல் வந்த அதன் 7-வது பதிப்பு ஒரு வேடிக்கை செய்தது. பங்கீடே வேண்டாம் என்று விட்டுவிட்டது! எல்லா மூளையும் ஒரே ஆட்டத்தை யோசிக்கும். கண்டதைப் பொதுவான ஒரு நோட்டில் குறிக்கும். மற்றவை அதைப் பார்த்துக்கொள்ளும். இந்த முறைக்கு 'சோம்பேறி முறை' என்றே பெயர். ஆனால் வேலை நடக்கிறது.

இதிலும் தொல்லை உண்டு. யார் முந்தி எழுதுவார் என்று சொல்ல முடியாது. ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை கொடுத்தால் இரண்டு விடை வரலாம். பிழை இருந்தால் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024-ல் சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். ஊருக்கு ஊர் பிள்ளைகள் காய் நகர்த்துகிறார்கள். நல்லது. ஆனால் காய் நகர்த்தும் எந்திரத்தைச் செய்யக் கற்றுக் கொடுப்பவர் எத்தனை பேர்?

ஸ்டாக்ஃபிஷ் இலவசம். அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். அதைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க வேண்டியது ஆசிரியர்களின் பொறுப்பு. முதலில் ஒரு மூளை, பிறகு நான்கு மூளை. நேரம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறதா என்று கிளியனூர்ப் பிள்ளைகளே கடிகாரத்தை வைத்துப் பார்க்கட்டும்.