நூலகப் பயிற்சி நூலகத்துக்குள் நடக்கட்டும்

மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டபோது ஊரே கட்டடத்தைப் பற்றித்தான் பேசியது. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தபோதும் அப்படித்தான். எத்தனை மாடி, எத்தனை லட்சம் புத்தகம், குழந்தைகள் பிரிவு எப்படி என்று கேட்டவர்களில் ஒருவர்கூட, உள்ளே வேலை பார்க்கப்போகிறவர்கள் அந்த வேலையை எங்கே கற்றார்கள் என்று கேட்டதாக நினைவில்லை. தலைமை நூலகரைச் சொல்லவில்லை. அவருக்குக் கீழே, புத்தகத்தைக் கையால் தொட்டு வேலை செய்யும் நூலக உதவியாளரைச் சொல்கிறேன். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இவருக்கு ‘லைப்ரரி டெக்னீஷியன்’ என்று பெயரும், அதற்கென்றே தனி டிப்ளமோ படிப்பும் உண்டு. நம்மிடம் ஆள் உண்டு. படிப்பும் உண்டு என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

அப்படி என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். ஒரு புதுப் புத்தகம் வருகிறது. பில்லோடு சரிபார்த்து, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் முத்திரை. அதோடு ‘ரகசியப் பக்கம்’ என்று ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு பக்கத்திலும் முத்திரை. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு எவராவது பழைய புத்தகக் கடையில் போட்டாலும், அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு வகைப்பாட்டு எண், முதுகில் லேபிள், பார்கோடு, கணினிப் பதிவு. இத்தனையும் முடிந்தால்தான் அது வாசகர் கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடிய புத்தகம். நடுவில் ஓர் எண் பிசகினால் போதும், புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான்.

வகைப்பாடு கற்றுத்தரும் விதத்தைப் பாருங்கள். தேர்வில் மாணவருக்குத் தலைப்புகளைக் கொடுப்பார்கள். அட்டவணையைப் புரட்டி அவர் எண் எழுதுவார். புத்தகம் அவர் கைக்கு வருவதே இல்லை. தலைப்பை மட்டும் நம்பி எண் போடப் பழகியவரிடம் தி. ஜானகிராமனின் ‘செம்பருத்தி’யைக் கொடுத்தால் அது தாவரவியல் அடுக்குக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நூலகக்காரர்கள் கூடும் இடங்களில் இது பழைய நகைச்சுவை. நாவலைத் தேடிச் சலித்துத் திரும்பும் வாசகருக்குத்தான் சிரிப்பு வராது.

அதைவிடச் சிக்கல், தமிழ்ப் பெயர்கள். குடும்பப் பெயரை முன்னால் போடு என்கிற மேல்நாட்டு விதி, தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்குப் பொருந்தாது. சுந்தர ராமசாமியைச் ‘சு’வில் வைப்பதா, ‘ரா’வில் வைப்பதா? இயற்பெயரான தியாகராஜன் என்று தேடுகிறவரை அசோகமித்திரனிடம் அனுப்பிவைப்பது யார்? கணினி வந்துவிட்டது, கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, இனி எதற்கு இந்தப் பயிற்சியெல்லாம் என்று கேட்பவர்கள் இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே எழுத்தாளரை மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டச்சு செய்தால், அந்த மென்பொருள் அவரை மூன்று பேராகத்தான் காட்டும். ஒரு பெயரை நிலைப்படுத்தி, மற்ற வடிவங்களை அதனோடு இணைப்பது கை பழகிய மனிதரின் வேலை.

பழுது பார்ப்பதும் அப்படித்தான். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டினால் சில வருடங்களில் அது மஞ்சளித்து, பசை எழுத்துக்குள் இறங்கிவிடும். மைதாப் பசையில் பூச்சிக்காகத் துத்தம் கலந்தது பழைய பைண்டர்களின் கைமுறை. மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டிக் கிழிசலைத் தாங்கவைப்பது இன்றைய முறை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால் போன்ற இடங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாநிலமெங்கும் உள்ள 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களில் பலவற்றில் செல்லோ டேப்தான் ஆட்சி செய்கிறது.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். நூலகப் பயிற்சி எதுவும் பெறாதவர். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே வகுப்பில் பாடம் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. க்ராய்டன் பொது நூலகத்தில் வேலை பழகினார். பல நூலகங்களுக்கு நேரில் போய் அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகி, மறு ஆண்டே கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியை நடத்தியது. 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. நூலகத்துக்குள்ளிருந்து பிறந்த படிப்பு அது.

பின்னாளில் அது பட்டமாக வளர்ந்தது, வளர்ந்ததில் தவறில்லை. ஆனால் இன்று பலர் சான்றிதழ் படிப்பையும் பி.லிப்., எம்.லிப். பட்டங்களையும் தொலைநிலைக் கல்வியில், வேறு வேலை பார்த்துக்கொண்டே முடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுச் செலவுக்கு வழி பார்க்க வேண்டியவர்கள். குறை, செய்முறையைத் தாளிலேயே முடித்துவிடும் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கால் வைக்காமல் ஒருவர் நர்ஸ் ஆகிவிட முடியுமா?

தீர்வுக்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டாம். மாவட்ட மைய நூலகங்களும் பெரிய கல்லூரி நூலகங்களும் இருக்கின்றன. படிப்பின் பாதிக் காலத்தை அங்கே, உதவித்தொகையுடன், மூத்த நூலகர் ஒருவரின் மேற்பார்வையில் கழிக்க வைக்கலாம். பதிவேடு, பட்டியல், பழுது, வாசகர் மேசை என்று ஒவ்வொன்றிலும் சில வாரங்கள். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 1948-இன் பொது நூலகச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி நூலகங்களுக்கானது. வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் முழுதாக ஒப்படைப்பதில்லை என்பது நெடுநாள் புகார். அதைக் கேட்டு வாங்கினாலே இந்தச் செலவில் பெரும்பகுதி தேறும்.

பயிற்சி பெற்று வருகிறவரைத் தொகுப்பூதியத்திலோ ஒப்பந்தத்திலோ ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்தால், இதுவும் வீண். கற்ற கைகள் வேறு வேலைக்குப் போய்விடும். அடுத்த பெரிய நூலகத்துக்குத் திட்ட மதிப்பீடு தயாரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: குளிர்சாதனத்துக்கும் மின்தூக்கிக்கும் தொகை எழுதும் அதே தாளில், பயிற்சிக்கும் நிரந்தரப் பணியிடங்களுக்கும் ஒரு தொகையை எழுதுங்கள்.