“அது நார்மல்தான் சார்!”

புது கார் வந்த வீட்டில் முதல் மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாச்சு, பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டாச்சு, சீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கிழிக்க மட்டும் யாருக்கும் மனசு வராது. இரண்டாவது வாரம் எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்கும். அன்றைக்குத்தான் நிஜமாவே நீங்க கார் ஓனர்!

எங்க சித்தப்பாவுக்கு அந்தச் சத்தம் போன வருஷம் கேட்டது. அவர் திருப்பருத்திக்குன்றத்தில் பட்டு நெய்கிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்து சேர்த்த காசு, மிச்சத்துக்கு வங்கிக் கடன். எங்க குடும்பத்திலேயே முதல் கார். சின்ன பெட்ரோல் கார், ஏ.எம்.டி. கியர். எந்த கம்பெனி என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை, விட்டுடுவோம்.

கூலிக் கணக்கு எழுதுற நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் ஐந்து புகார் எழுதி வைத்திருந்தார்:

1. மெதுவா போகும்போது கியர் மாறினா வண்டி ஒரு நொடி தயங்குது, தலை முன்னாடி ஆடுது.
2. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானா அணைஞ்சிடுது.
3. நிறுத்தின இடத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுது.
4. விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் வரலை.
5. கோயில் தாண்டி நம்ம தெருவுக்குத் திரும்பும்போது முன்பக்கம் ‘டொக்’குனு சத்தம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினா மட்டும். வேகத்தடையில் ஏறினா வரலை.

முதல் சர்வீஸில் இந்த ஐந்துக்கும் அவருக்குக் கிடைத்தது ஒரே பதில்தான்: “அது நார்மல்தான் சார், ஓட்ட ஓட்ட சரியாயிடும்.”

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் நான் உங்ககிட்ட பேசணும். காரணம், நாளைக்கு இதைச் சொல்லப்போகிற ஆள் நாமதான்.

முதலில் நியாயமா பேசுவோம். ஐந்தில் நான்கு புகார் நிஜமாவே நார்மல்தான். ஏ.எம்.டி. என்பது தனி வகை கியர்பாக்ஸ் இல்லை. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிக்கிற காலுக்கும் கியர் போடுகிற கைக்கும் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் வேலை செய்கிறது, அவ்வளவுதான். 2014-ல் மாருதி செலேரியோ மூலமாக இந்தியச் சின்ன கார்களுக்குள் வந்தது. கிளட்ச் விலகுகிற நேரத்தில் சக்கரத்துக்குப் போகிற விசை அறுபடும், அதனால்தான் அந்தத் தலையாட்டல். கியர் மாறப்போகிற நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசா எடுத்துப் பாருங்க, பாதி ஆட்டம் போயிடும். சிக்னலில் இன்ஜின் அணைவது எரிபொருளை மிச்சப்படுத்துகிற ஏற்பாடு. பிடிக்கலைன்னா அணைத்துவைக்க பெரும்பாலான வண்டிகளில் ஒரு பட்டன் உண்டு. சொட்டுகிற தண்ணீர், ஏ.சி. குளிர்விக்கும்போது காற்றிலிருந்து பிரிகிற ஈரம். மைலேஜ்? விளம்பரத்தில் வருகிற எண் ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி, ஏ.சி. போடாமல், குறிப்பிட்ட வேகச் சுழற்சியில் எடுத்தது. அந்த உருளைக்கு காஞ்சிபுரம் முகூர்த்த நாள் நெரிசல் தெரியாது.

இதை ஒவ்வொன்றாக விளக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு டீ ஆறுகிற நேரம். சித்தப்பாவும் உடனே புரிஞ்சிக்கிட்டார். “இதை அங்கேயே சொல்லியிருக்கலாமேடா” என்றார்.

ஐந்தாவதுக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. நான் மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் “நார்மலா இருக்கும் சித்தப்பா” என்றுதான் சொன்னேன்.

அவர் கேட்கலை. “தறியில ஒரு ஆணி தளர்ந்தா எப்படிச் சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம்” என்றார். முப்பது வருஷம் ஒரே இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு வாழ்ந்த மனுஷனின் காது அது. ஆனால் சர்வீஸ் சென்டரில் அவரால் ‘சஸ்பென்ஷன்’ என்று சொல்லத் தெரியலை. ‘தறி ஆணி மாதிரி’ என்று சொன்னால் கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தில் ஏற்றுவார்கள்? இரண்டாவது தடவை போனபோது வழுவழு மெயின் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லை சார்” என்று அனுப்பினார்கள்.

அதுக்கப்புறம் அவர் காரைத் தொடவே இல்லை. மூணு வாரம் வாசலில் நின்றது. மாசத் தவணை மட்டும் தவறாமல் ஓடியது. சித்தியும் அவரும் முன்போலவே பழைய மொபெட்டில் புடவை மூட்டையோடு போய்வந்தாங்க. “பேத்தியை ஏத்திக்கிட்டுப் போகும்போது அந்தச் சத்தம் கேட்டா எனக்கு ஓட்ட வராது” என்றார். அவ்வளவு சேர்த்து வாங்கின வண்டி மேல் நம்பிக்கை போயிடுச்சு.

மூன்றாவது தடவை ஒரு இளம் டெக்னீஷியன் கிடைத்தார். அவர் செய்தது ஒன்றுதான்: “வாங்க, சத்தம் வர்ற இடத்துக்கே போவோம்” என்று பக்கத்தில் உட்கார்ந்து திருப்பருத்திக்குன்றம் வரை வந்தார். அந்தத் திருப்பத்தில், அந்தப் பள்ளத்தில், ‘டொக்’. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கிற லிங்க்கின் நட் சரியா முறுக்கப்படலை. பத்து நிமிஷ வேலை.

இப்போ அந்த ஐந்தாவது புகாரை இன்னொரு தடவை படிங்க. ஸ்டெபிலைசர் பார் எப்போ முறுக்கப்படும்? ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது. இரண்டு சக்கரமும் சேர்ந்து வேகத்தடையில் ஏறினால் பார் முறுக்காமல் அப்படியே சுழலும், லிங்க்குக்குப் பெரிசா வேலை இருக்காது. “ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினா மட்டும், வேகத்தடையில் வரலை.” விடை அந்த நோட்டிலேயே இருந்தது. படிக்க வேண்டியவங்க படிக்கலை. நானும்தான்.

நான்கு புகார் நார்மல் என்பதால் ஐந்தாவதும் நார்மல் ஆகிவிடாது. ‘நார்மல்’ என்பது ஒரு முடிவு. சோதித்துப் பார்த்த பிறகுதான் முடிவைச் சொல்லணும். சோதிக்காமல் சொன்னால் ஆளை அனுப்பி வைக்கிற வழி, அவ்வளவுதான்.

“ஒரு நட்டுக்கு இவ்வளவு பேச்சா?” என்று கேட்பீங்க. நம்ம நாட்டுச் சின்ன கார்களின் கதையையே பாருங்க.

1998 கடைசியில் டாடா இண்டிகா வந்தது. முதன்முதலாக வாங்கினவங்க நிறைய குறை சொன்னாங்க. அந்தக் குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2001-ல் இண்டிகா வி2 வந்தது. அதுக்கப்புறம் தமிழ்நாட்டு டாக்ஸி ஸ்டாண்டுகளில் எத்தனை இண்டிகா நின்றது என்று உங்க அப்பாவைக் கேளுங்க. அதே 1998-ல் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அதன் உயரமான கூரையைப் பார்த்துச் சிரிச்சவங்க உண்டு. அது குறையில்லை, குணம். குனியாமல் ஏறி உட்காரலாம் என்று வீட்டுப் பெரியவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. எது குறை, எது குணம் என்பதை ஓட்டினவங்கதான் பிரிச்சுச் சொன்னாங்க.

இன்னொரு பக்கம் டாடா நானோ. 2009 மார்ச்சில் அறிமுகம். 624 சி.சி., இரண்டு சிலிண்டர், இன்ஜின் பின்னாடி, பெட்ரோல் ஊற்றுகிற மூடி முன்பக்க பானெட்டுக்குள், ஒரே ஒரு வைப்பர். விலைக்காகச் செய்த ஒவ்வொரு சிக்கனமும் வகுப்பறையில் கைதட்டல் வாங்கும். ஆனால் பின்கதவு திறக்காது. பெட்டி வைக்கணும்னா பின்சீட்டை மடக்கணும். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவருக்கு அது முதல் நாளே தெரியும். திறக்கிற பின்கதவோடு நானோ வந்தது 2015-ல். 2010-ல் சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகள் வந்தபோது, வடிவமைப்பில் தவறில்லை என்று சொன்ன நிறுவனம், எக்ஸாஸ்டுக்கும் மின்அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தந்தது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் விற்பனை 509 வண்டிகளாகச் சரிந்தது. நானோ தோற்க வேறு காரணங்களும் உண்டு: சிங்கூரிலிருந்து ஆலை இடம்மாறியது, ‘மலிவு கார்’ என்ற பெயர். ஆனாலும் ஓட்டுகிறவரின் நம்பிக்கையைத் திரும்ப வாங்குவது ஒரு பாகத்தை மாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

சர்வீஸ் அட்வைசர் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு நாளைக்கு அத்தனை வண்டி. அதில் யூடியூப் பார்த்துட்டு இல்லாத சத்தத்தைத் தேடி வர்றவங்களும் உண்டு. எல்லாருடனும் திருப்பருத்திக்குன்றம் வரை போக முடியுமா? முடியாதுதான். ஆனால் “எப்போ வருது, எங்கே வருது, எப்போ வரலை?” என்று மூணு கேள்வி கேட்க ஒரு நிமிஷம் போதும். எந்த வண்டிக்கு மெனக்கெடணும் என்று அந்த ஒரு நிமிஷமே சொல்லிடும்.

அதனால் வீட்டில் புது கார் இருந்தால் இதைச் செய்யுங்க. வண்டியோடு வருகிற கையேட்டை நீங்களே படித்து அப்பா அம்மாவுக்குச் சொல்லுங்க. பாதிப் பயம் அங்கேயே தீரும். மிச்சம் இருக்கிறதை எப்போ, எங்கே, எந்த வேகத்தில் என்று எழுதுங்க. ‘வரலை’ என்பதையும் எழுதுங்க. முடிந்தால் போனில் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. சர்வீஸுக்கு விடும்போது புகாரை ஜாப் கார்டில் எழுதாமல் சாவியைக் கொடுக்காதீங்க. வாயால் சொன்னது காற்றோடு போயிடும்.

எழுதுவது ஏன் முக்கியம்? 2020 ஜூலையில் எரிபொருள் பம்ப்பில் குறை இருக்கலாம் என்று வேகன்ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 வண்டிகளை மாருதி திரும்ப அழைத்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளில் ஒரே குறையைப் பற்றிய புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், திரும்பப் பெறச் சொல்லி அரசே உத்தரவிட முடியும். எண்ணிக்கையில் சேரணும்னா புகார் முதலில் பதிவாகியிருக்கணும். “நார்மல்தான் சார்” என்று திருப்பி அனுப்பின புகார் எந்தக் கணக்கிலும் வராது.

கடைசியா நமக்கு. காலையில் காஞ்சிபுரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போகிற கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பீங்க. நம்ம சீனியர்கள் எத்தனை பேர் அதில் ஏறுறாங்க! இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நாமும் ஏறுவோம். ஒருத்தர் அந்த நட்டை முறுக்குகிற லைனில் இருப்பார், ஒருத்தர் தரப் பிரிவில், ஒருத்தர் சர்வீஸில். ஐ.டி. பக்கம் போகிறவங்களும் சிரிக்காதீங்க, “என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது” என்பதும் இதே குடும்பத்து வாக்கியம்தான்.

ஒரு நாள் உங்க மேஜைக்கு முன்னாடி ஒருத்தர் நோட்டோடு வந்து நிற்பார். டெக்னிக்கல் வார்த்தை தெரியாது. ‘தறி ஆணி மாதிரி’ என்றோ ‘அம்மி அரைக்கிற மாதிரி’ என்றோ சொல்வார். நார்மல் என்றால் ஏன் நார்மல் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க. சொல்லத் தெரியலைன்னா, அது நார்மல் என்று உங்களுக்கும் இன்னும் தெரியாது. சாவியை எடுத்துக்கிட்டு அவர் கூடப் போங்க.

சித்தப்பா இப்போ பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில்தான் கூட்டிட்டுப் போறார். கியர் மாறும்போது இன்னமும் தலை ஆடுது. “அது நார்மல்தான்” என்று அவரே சொல்றார். ஏன் என்று கேட்டால், கிளட்ச்சில் ஆரம்பிச்சு முழுசா விளக்குவார்.