ஒட்டுக்கேட்க யாருடைய கையெழுத்து வேண்டும்?

லஞ்ச வழக்கு ஒன்றில் சிபிஐ ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரித் துறை உயரதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் கொடுக்கப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கு அது. தனியார் நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநருடைய கைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை 2011 ஆகஸ்ட் 12 அன்று பிறப்பித்த உத்தரவையே நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்துவிட்டார். ‘லஞ்சப் பேர்வழிகளைப் பிடிப்பதற்குக்கூட போனை ஒட்டுக்கேட்கக் கூடாதா?’ என்று படிப்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லாமல் தனியுரிமையின் மேன்மையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

தீர்ப்பு சொல்வது இதுதான். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு ஒட்டுக்கேட்பை இரண்டு பூட்டுகளுக்குள் வைத்திருந்தது. முதலில், பொது நெருக்கடி ஏற்பட்டிருக்க வேண்டும் அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, அயலுறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களில் ஒன்றைக் காட்ட முடியும். நெருக்கடியோ ஆபத்தோ சாதாரண மனிதரின் கண்ணுக்கும் தெரிவதாக இருக்க வேண்டும். அதிகாரிகள் மட்டும் கோப்புக்குள் எழுதிக்கொள்ளும் ரகசியமாக இருக்கக் கூடாது. ஒரு லஞ்சப் பேரம் எவ்வளவு கேவலமானதாக இருந்தாலும், அது குற்றமே தவிர, பொது நெருக்கடி அல்ல. போதாக்குறைக்கு, ஒட்டுக்கேட்டுத் திரட்டியவற்றை மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற விதியும் இந்த வழக்கில் பின்பற்றப்படவில்லை.

இதே கேள்விக்குச் சில நாள்களுக்கு முன்பு டெல்லி உயர் நீதிமன்றம் நேர்மாறான விடை தந்திருந்தது. ஊழல் பொருளாதாரத்தையே அரிக்கக்கூடியது என்பதால், அதைப் பொதுமக்களின் பாதுகாப்பு சார்ந்த விஷயமாகக் கருதலாம் என்றது அது. ஆக, இறுதிச் சொல் உச்ச நீதிமன்றத்துடையதாகத்தான் இருக்க முடியும். ஆனால், சென்னைத் தீர்ப்பில் ஒரு பாடம் இப்போதே இருக்கிறது. நடைமுறையைச் சரியாகப் பின்பற்றாததால் 14 ஆண்டுகளுக்குப் பிறகு புலனாய்வு அமைப்பு தன் கையிலிருந்த சாட்சியத்தையே இழந்து நிற்கிறது. விதிகளைக் குடிமகனுக்கான சலுகையாகவும் காவல் துறைக்கான முட்டுக்கட்டையாகவும் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விதி மீறப்பட்டால் வழக்கும் சேர்ந்தே சாய்கிறது.

நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

இந்தக் கேள்வி கைபேசியோடு பிறந்ததல்ல. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941-இல் கொள்ளை வழக்கொன்றில் கைதாகி, ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். ஆனாலும், காவல் துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்து கண்காணித்தது. காவலர்களும் ஊர்க் காவலாளிகளும் இரவில் அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள், கூச்சலிட்டு எழுப்புவார்கள். வெளியூர் போவதென்றால் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் தொடுத்த வழக்கில் 1962-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரவில் வீடு தேடி வருவதை மட்டும் தடுத்தது. தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமை அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். அவருடைய நிலைப்பாடு சட்டமாவதற்கு 2017 ஆகஸ்ட் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள்.

அந்த உரிமை வரம்பற்றது என்று அவர்களும் சொல்லவில்லை. அரசு அதில் தலையிடலாம். ஆனால், அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிய தலையீடாக அது இருக்கக் கூடாது என்றார்கள். அளவுகோல் தெளிவாகத்தான் இருக்கிறது. அதை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

இரண்டு விநாடிகூட இல்லை

மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒட்டுக்கேட்புக்கு வரைமுறைகளை வகுத்தது. உள்துறைச் செயலர்தான் உத்தரவிட வேண்டும்; உத்தரவின் ஆயுள் இரண்டு மாதம், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது; மறுஆய்வுக் குழு ஒவ்வொரு உத்தரவையும் சரிபார்க்க வேண்டும். நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லி, விதிகளை வகுப்பதை மத்திய அரசிடம் விட்டுவிட்டது. நாடாளுமன்றம் இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

விளைவைப் பாருங்கள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று கேட்பது அரசு அமைப்பு. அனுமதிப்பவர் அரசுச் செயலர். சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலரும் சட்டத் துறைச் செயலரும் இன்னொரு செயலரும். மாநிலத்தில் என்றால் தலைமைச் செயலரின் தலைமையில் மூவர். தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவதுபோலத்தான் இது.

திருத்துவதற்காவது நேரம் இருக்கிறதா? மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் முன்பு தெரியவந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு, ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டும். இது நடக்கக்கூடிய காரியமல்ல என்று 2018-இல் நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு சுட்டிக்காட்டியது. நாட்டின் உச்ச அதிகாரிகள் மூவர் வேறு வேலையே பார்க்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. இதற்குப் பெயர் மறுஆய்வு அல்ல.

புதிய சட்டங்களும் இதைச் சரிசெய்யவில்லை. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய வாசகங்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் கீழ் 2024 டிசம்பரில் வெளியான விதிகளிலும் குழுவில் அதிகாரிகள்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவோ இன்னும் தாராளம். பொது நெருக்கடி என்ற முதல் பூட்டே அதில் கிடையாது. எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும் கணினித் தகவலை இடைமறிக்கலாம். நீங்கள் போனில் பேசினால் ஒரு சட்டம், அதையே மின்னஞ்சலில் எழுதினால் அதைவிடத் தளர்வான சட்டம். தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் இயற்றப்பட்ட சட்டமும், தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்துவிட்டது.

கண்காணிப்பு பலன் தரவில்லையா?

தருகிறது. 2008 மும்பைத் தாக்குதலின்போது பயங்கரவாதிகளும் பாகிஸ்தானிலிருந்து அவர்களை இயக்கியவர்களும் பேசிய உரையாடல்கள் பதிவுசெய்யப்பட்டன. பயங்கரவாதிகளில் ஒருவரான கசாப் மீதான வழக்கில் அவை முக்கியச் சாட்சியங்களாயின. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் காலையில் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் ஒரு சிசிடிவி கேமராகூட இல்லை என்பது தெரிந்து சென்னையே கொதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தெருவெங்கும் கேமராக்கள் முளைத்ததற்கு மக்களிடம் ஆதரவும் இருந்தது. கேமரா வேண்டாம், ஒட்டுக்கேட்பே கூடாது என்று சொல்பவர்கள் இந்த அச்சத்தை உணராதவர்கள்.

ஆனால், மும்பையில் பயன்பட்டது குறிப்பிட்ட எண்களைக் குறிவைத்த கண்காணிப்பு. எல்லோரையும் வலைவீசிப் பிடிக்கும் கண்காணிப்பின் கதை வேறு. அமெரிக்கர்களின் தொலைபேசித் தொடர்பு விவரங்களை மொத்தமாகச் சேகரித்த திட்டத்தை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் அம்பலப்படுத்தினார். அதை ஆராய்ந்த அந்நாட்டின் தனியுரிமைக் கண்காணிப்பு வாரியம், பயங்கரவாத விசாரணை எதிலும் இத்திட்டம் முடிவை மாற்றும் அளவுக்கு உதவியதாகத் தாங்கள் காணவில்லை என்று 2014-இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ரகசியமாகச் செயல்படும் நீதிமன்றம் ஒன்று அத்திட்டத்துக்குத் தொடர்ந்து அனுமதி தந்துவந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நீதிபதியின் கையெழுத்து மட்டுமே எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. பின்னால் வெளிச்சமும் வேண்டும்.

சேர்த்துவைக்கும் தகவலே ஆபத்தாவதும் உண்டு. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல் துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள் ஊடுருவல் நடந்தது. சந்தேக நபர்களின் விவரங்களைப் பாதுகாப்புக்காகத் திரட்டிய இடத்துக்கே பாதுகாப்பு இல்லை. அந்த மென்பொருளை எப்போது பயன்படுத்தலாம், யார் மீது கூடாது என்று சொல்லும் தனிச் சட்டம் ஏதும் இங்கே இல்லை.

செய்ய வேண்டியவை

பிரிட்டனில் 2016-இன் புலனாய்வு அதிகாரச் சட்டப்படி, அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித் துறை ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் ஒட்டுக்கேட்க முடியாது. அவசரம் என்றால் முதலில் தொடங்கிவிட்டுச் சில நாள்களுக்குள் ஒப்புதல் பெறலாம். ஜெர்மனியில் விசாரணைக்குப் பாதகம் இல்லாத நிலை வந்ததும், கண்காணிக்கப்பட்டவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் குற்ற வழக்குகளுக்கான ஒட்டுக்கேட்பு உத்தரவுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. இவை மூன்றும் பயங்கரவாதத்தை அறியாத நாடுகள் அல்ல.

நமக்கும் இந்த மூன்று ஏற்பாடுகளும் வேண்டும். நீதித் துறையின் ஒப்புதல், பின்னர் தகவல், ஆண்டுக் கணக்கு. நான்காவதாக ஒன்றும் வேண்டும்: சட்டவிரோதமாகத் திரட்டிய சாட்சியத்தை நிராகரிப்பது. எப்படிப் பதிவுசெய்திருந்தாலும் பேச்சு உண்மையாக இருந்தால் போதும் என்று 1972-இல் மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு, விதியை மீறுபவருக்கு எந்த இழப்பும் இல்லாமல் செய்துவிட்டது. சென்னைத் தீர்ப்பு அந்தச் சௌகரியத்தைத்தான் அசைத்திருக்கிறது.

இவற்றில் சிலவற்றுக்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். கணக்குச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாநில உள்துறைச் செயலர் கடந்த ஆண்டு எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவுகளில் கையெழுத்திட்டார், மறுஆய்வுக் குழு அவற்றில் எத்தனையை நிராகரித்தது என்ற இரண்டே எண்கள் சட்டமன்றத்தில் வைக்கப்படட்டும். யாருடைய பெயரும் வேண்டாம். அதனால் எந்த விசாரணையும் கெட்டுவிடாது. நிராகரிக்கப்பட்டவை பூஜ்யம் என்று வந்தால், அந்தக் குழு யாருக்காக உட்கார்ந்திருக்கிறது என்று மக்கள் கேட்கத் தொடங்குவார்கள்.