டம்பி லெவலும் ஆத்தங்குடிக் கல்லும்

பத்தாவது முடித்ததும் டிப்ளமோவில் சேர்ந்தேன். "என்ன தம்பி, மார்க் குறைஞ்சிருச்சா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. மார்க் குறையவில்லை. மூன்றே வருடத்தில் பையன் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவான் என்பது அப்பாவின் கணக்கு. காரைக்குடி அழகப்பா பாலிடெக்னிக்கில் சிவில் கிடைத்தது. புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர் மகன், கல்லல் பக்கத்துக் கொத்தனார் மகன், தேவகோட்டையிலிருந்து பஸ் பாஸில் வருகிறவன் என்று ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் வகுப்பில் பெரும்பாலும்.

முதல் வருடம் எந்தப் பிரிவுக்காரனும் ஒர்க்ஷாப்புக்குப் போயாக வேண்டும். காக்கிச் சட்டை, வைஸில் கவ்விய இரும்புத் துண்டு, கையில் அரம். தேய்த்து முடித்தேன் என்று கொண்டுபோனால், இன்ஸ்ட்ரக்டர் அதன்மேல் ட்ரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால், "லைட்டு தெரியுதுல்ல? தேய்." அவ்வளவுதான் பேச்சு. மேடையில் நின்று பாடம் எடுத்த பலரைவிட அந்த மனிதரிடம் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பேன்.

அடுத்து சர்வே. எங்களிடம் இருந்தது மேடுபள்ளம் அளக்கும் பழைய டம்பி லெவல். அதன் கண்ணாடி வழியே பார்த்தால் எதிரே ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடித்து நிற்கிறவன் தலைகீழாகத் தொங்குவான், எண்களும் தலைகீழ். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். வெயில்தான் பழகாது. சிவகங்கைச் சீமையின் செம்மண் பொட்டலில் சங்கிலி இழுத்தவனுக்கு அது தெரியும்.

அந்தப் பொட்டல் படிப்புக்கு வந்த கதை பெரிது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழா. கல்லூரிகள் தொடங்க செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். கூட்டத்தில் இருந்த ராம. அழகப்பச் செட்டியார் அங்கேயே ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் கலைக் கல்லூரி திறந்தாயிற்று. 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியையும் இங்கே கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் அது திறக்கப்பட்டது. 1957இல், ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் போய்விட்டார் மனிதர்.

கான்கிரீட் லேபில் 15 சென்டிமீட்டர் கியூப் வார்ப்போம். 28 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மெஷினில் வைத்து நொறுக்குவோம். நொறுக்குகிற அன்றைக்கு யாரும் லீவு போடமாட்டார்கள்.

என் பெஞ்ச்காரனின் அப்பா கானாடுகாத்தானில் உள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு பழுதுபார்க்கிறவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பு அரைப்பதும், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் இவனுக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடுகிற இடத்துக்கும் என்னை ஒருநாள் கூட்டிப்போனான். கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும். சூளை, நெருப்பு எதுவும் கிடையாது. தண்ணீரில் போட்டு, காயவைத்து, கண்ணாடியை எடுத்தால் கல் பளபளவென்று நிற்கிறது. அவ்வளவு தெரிந்தவன் கட்டுமானப் பொருள் பேப்பரில் அரியர் வைத்தான். புத்தகம் முழுக்க ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன் என்ன செய்வான்? அவன் அப்பாவிடம் இருந்ததில் ஒரு பக்கம்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது கொஞ்சம் தேவலாம். டிப்ளமோ முடித்தவன் நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் டீக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த ஊர்களின் பழைய வீடுகளை அறை அறையாக அளந்து பிளான் போட ஆள் வேண்டும். சர்வே பீரியடை ஒரு மாதம் கானாடுகாத்தானுக்கு மாற்றினால் போதும், பாலிடெக்னிக் பையன்களே போட்டுவிடுவார்கள். அவர்களோ கடைசி செமஸ்டர் முடியுமுன்பே சிங்கப்பூர் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.