நுண்ணுயிருக்குப் பெயர் சூட்டவும் அனுமதியா?

மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் காலம் கழித்தவன் நான். சக்கரத்தை அளக்க அங்கே ஆளுக்கொரு கேஜ் இருக்கும். சந்தேகம் வந்தால் அலமாரியில் பூட்டி வைத்த மாஸ்டர் கேஜ்தான் தீர்ப்புச் சொல்லும். பாக்டீரியாவுக்கும் அப்படியொரு மூல மாதிரி உண்டு என்று, நுண்ணுயிரியல் படிக்கும் என் பேத்தி சொன்னபோது விஷயம் சட்டென்று பிடிபட்டது.

புதிய பாக்டீரியா இனத்துக்குப் பெயர் வைப்பவர், அதன் உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு அது தடையின்றிக் கிடைக்க வேண்டும். 2001 முதல் இரண்டு நாடு என்பது சர்வதேச விதி; இல்லையேல் பெயர் செல்லாது. நம் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் 2005-இல் ஐதராபாத்திலிருந்து உயரே போய்ப் பிடித்து வந்த காற்றில் மூன்று புதிய இனங்கள் கிடைத்தன. 2009-இல் அவற்றுள் ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயரைச் சூட்டினார்கள். அதன் மாதிரி சண்டிகரில் ஒன்று, ஜப்பானில் ஒன்று.

இங்கேதான் சிக்கல். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, நம் மண்ணின் உயிரினத்தை வெளிநாட்டுக்கு அனுப்பச் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பெற்றவர் அதை மூன்றாமவருக்குக் கொடுக்கவும் ஒப்புதல் வேண்டும். விதியோ யார் கேட்டாலும் கொடு என்கிறது. நடுவில் பெயர் தொங்குகிறது!

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, 1997-இல் நாம் போராடி ரத்து செய்ய வைத்ததை மறக்க முடியுமா? ஆனால் பணம் பண்ணுகிறவனையும் பெயர் வைக்கிறவனையும் ஒரே க்யூவில் நிறுத்துவது சரியல்ல. புதிய இனம் கண்டால் குறித்த இந்தியக் களஞ்சியத்துக்கு அறிவித்து மாதிரி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ரசீதைக் காட்டினால் இரட்டை மாதிரி வெளிநாடு போகலாம் என்று வைக்கட்டும். லாபம் பார்க்க வருகிறவனிடம் பங்கு கேட்கும் உரிமை நம்மிடமே இருக்கட்டும்.

2017-இல் நாசாவில் நம் தமிழர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன் குழு, விண்வெளி நிலைய வடிகட்டியில் கண்ட பாக்டீரியாவுக்கு அப்துல் கலாம் பெயரை வைத்தது. மாதிரிகள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அதுவே ராமேசுவரம் மணலில் கிடைத்திருந்தால் எத்தனை படிவமோ!

மரபணு வரிசையை மட்டும் ஆதாரமாக வைத்துப் பெயரிடும் வேறொரு முறை 2022-இல் வந்திருக்கிறது. வரைபடம் இருந்தால் சக்கரம் வேண்டாம் என்பது போல. ஒர்க்ஷாப்காரனுக்கு அது ஒப்பவில்லை.

பேத்தி இப்போது மித்தி ஆற்றுச் சேற்றை ஆராய்கிறாள். புதிதாக ஏதும் அகப்பட்டால் சென்னைக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பித் தர வேண்டுமாம்.