ஃபாந்தோமாஸும் அமாவாசையும்

பாரிஸ் நகைக்கடை ஒன்றுக்கு ஓர் ஆங்கிலேயப் பிரபு வருகிறார். வைரங்களை அள்ளிக்கொண்டு, காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் அந்தக் கையெழுத்து மறைந்து, அதே இடத்தில் 'ஃபாந்தோமாஸ்' என்ற பெயர் எழும்புகிறது. 1964-ல் ஆந்த்ரே ஹுனெபெல் இயக்கிய பிரெஞ்சுப் படம் இது. வில்லனும் ழான் மரே, அவனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் நிருபரும் அவரே. துரத்துகிற கமிஷனர் லூயி த ஃபுனேஸ். குதிக்கிறார், கத்துகிறார், கடைசியில் கோட்டை விடுகிறார். நடுவே பிரேக் பிடிக்காத கார் ஒன்று மலைச்சாலையில் உருண்டோடி வரும். தேனிப் பக்கத்துப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்போடு வயிற்றையும் கலக்கும்.

நம்மிடம் இதற்கு ஜோடி 'அமைதிப்படை' (1994). அங்கேயும் வில்லன் அமாவாசையாக சத்யராஜ், அவரைப் பிடிக்க வரும் போலீஸ் மகனும் சத்யராஜ். இயக்குநர் மணிவண்ணன் கோவைப் பக்கத்துச் சூலூர்க்காரர்தான். ஆனால் தொழில் பழகியது அல்லிநகரத்துப் பாரதிராஜாவிடம். படத்துக்கு இசை பண்ணைப்புரத்து இளையராஜா. ஆகவே பாதிப் படம் தேனி மாவட்டத்துக்குச் சொந்தம் என்பேன். கோவைக்காரர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் சிரிப்பைப் போலீஸ்காரருக்குக் கொடுத்தார்கள். வில்லன் நீல முகமூடிக்குள் விறைப்பாகவே இருக்கிறான். மணிவண்ணன் சிரிப்பை வில்லனிடமே தூக்கிக் கொடுத்தார். சிதறுதேங்காய் பொறுக்கிய அமாவாசை தேர்தலில் நிற்கிறான். ஓட்டு எண்ணிக்கை ஏற ஏற, நாற்காலியில் அவன் உட்காரும் விதம் மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் மணிவண்ணன் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார். ஃபாந்தோமாஸைப் போல் பூமிக்கடியில் மாளிகை, முகமூடி எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு நாற்காலி போதுமாயிருந்தது. த ஃபுனேஸைப் பார்த்துச் சிரிக்கிறோம், அமாவாசையோடு சேர்ந்து சிரிக்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் பயம். அந்த ஆளை எங்கள் ஊர்க் கூட்ட மேடைகளிலும் பார்த்த மாதிரி இருக்கும்.

ஃபாந்தோமாஸ் தப்பித்துப் போய் 1965, 1967 என்று இன்னும் இரண்டு படங்களில் வந்தான். அமாவாசையும் 2013-ல் 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' என்று திரும்பி வந்தார். அதே ஆண்டு ஜூனில் மணிவண்ணன் போய்விட்டார். அந்தப் படத்தில் பேச்சு அதிகம், குசும்பு குறைவு. வில்லன் கருத்து சொல்ல ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும்.